ஆணியடிக்காத மீரான்

மேலப்பாளையத்தில் அகமது மீரான் என்று விசாரித்தால் ‘எந்த மீரான்?’ என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ‘ஆணியடிக்காத மீரான்’ என்று சொன்னால் மட்டும் யாரும் யோசிக்க மாட்டார்கள். பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறவரே கொண்டுபோய் அவருடைய தங்கை வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்.

கேலியாக ஒட்டிய பெயர்தான் அது. 1990 கடைசியில் குவைத்திலிருந்து ஒற்றைத் தோள்பையோடு திரும்பி வந்தார் மீரான். தங்கை சுபைதா பேகம் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து மாட்டச் சொன்னாள். அவர் சுத்தியலைத் தொடவில்லை. அரை நாள் அலைந்து ஒரு பட்டைக் கம்பி வாங்கி வந்து, வளைத்து, துணி சுற்றி, மர அலமாரியின் மேல் விளிம்பில் கொக்கி மாதிரிப் போட்டு அதில் கடிகாரத்தைத் தொங்கவிட்டார்.

“ஒரு ஆணி அடிச்சா முடிஞ்சிட்டு. இதுக்குப் போயி இம்புட்டுப் பாடா காக்கா?” என்று அண்ணனைப் பார்த்து சுபைதா சிரித்தாள்.

மீரான் சிரிக்கவில்லை. “மரத்துல ஓட்டை போடுதது எனக்கு வராதும்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் வாப்பா தறி நெய்தவர். மீரானுக்குத் தறிக்குழியில் கால் நீட்டி உட்காரப் பிடிக்காமல், பாளையங்கோட்டையில் ஒரு மரப்பட்டறையில் சேர்ந்து தொழில் கற்றார். இருபத்தைந்து வயதில் அலிமா பீவியைக் கட்டினார். பிள்ளை தங்கவில்லை. நாலு வருடம் பார்த்துவிட்டு 1979இல் குவைத்துக்கு விமானம் ஏறினார். ‘ரெண்டு வருசத்துல வந்து உன்னையும் கூட்டிட்டுப் போறேன்’ என்று அலிமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று முறை ஊருக்கு வந்தார். மூன்று முறையும் அதையே சொல்லிவிட்டுத் திரும்பினார். அலிமா பீடி சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாரையாவது பிடித்து அவருக்குக் கடிதம் எழுதச்சொல்லிக்கொண்டு, ஊரிலேயே இருந்தாள். 1989 சனவரியில் இறந்தும் போனாள். அவர் அப்போது வரவில்லை.

குவைத்தில் அவருக்கு வாய்த்த வேலை விசித்திரமானது. குளிர்காலம் வந்தால் அங்கே பணக்காரக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பாலைவனத்தில் போய்த் தங்கும். அதற்கென்றே சக்கரம் வைத்த வீடுகள் உண்டு. ஒரு அரபி முதலாளி அப்படி நாற்பது வண்டிகளைப் பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். உள்ளே எல்லாம் மெருகேற்றிய மரம். குடியேறுகிறவர்களின் அடுப்பு, பாத்திரம், விளக்கு, தொழுகைப் பாய், குழந்தைத் தொட்டில் எல்லாவற்றையும் அந்த மரத்தில் ஒரு கீறல் விழாமல் மாட்ட வேண்டும். பருவம் முடிந்ததும் ஒரு சுவடு இல்லாமல் கழற்ற வேண்டும். ஆணி கூடாது, திருகு கூடாது, பசை மெருகைத் தின்றுவிடும் என்பதால் பசையும் கூடாது. ‘மரத்தில் ஓட்டை போட்டவன் அன்றைக்கே ஊருக்குப் பெட்டி கட்டலாம்’ என்பது முதலாளியின் சட்டம். பதினோரு வருடத்தில் மீரான் ஒரு ஓட்டைகூடப் போட்டதில்லை.

பிறகு சண்டை வந்தது. ஈராக் படை உள்ளே நுழைந்த பிறகு பட்டறையும் இல்லை, முதலாளியும் இல்லை. பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து அம்மான், அங்கே கூடாரத்தில் பதினெட்டு நாள், பிறகு பம்பாய். ஊருக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயது. அலிமாவோடு வாழ்ந்த வாடகை வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். தங்கை வீட்டில் ஒரு அறை கிடைத்தது. கதவு, ஜன்னல் வேலைக்குப் போனார். அதிலும் ஆணியைத் தவிர்க்கப் பார்த்ததால் வேலை இழுத்தது. கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள்.

1995 மாசி மாதத்தில் எலியேசர் அவரைத் தேடி வந்தார். எலியேசர் பாளையங்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். மீரானின் பழைய கூட்டாளி.

“வே மீரான், உமக்குன்னே ஒரு சோலி வந்திருக்கு. குவைத்துல பாத்த அதே சோலி. வண்டியில ஏறும்” என்றார்.

எலியேசர் கொண்டுபோய் நிறுத்தியது குமரகுருபரன் வீட்டில். அவர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி நீலாம்பாள் முப்பத்து மூன்று வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். பிள்ளைகள் இல்லை. டீச்சருக்கு முதுகெலும்பில் புற்று வந்திருந்தது. உட்கார முடியாது, படுக்கைதான். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வலிக்கு மாத்திரை தருகிறோம், பிரியப்பட்டதைச் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டீச்சர் பிரியப்பட்டது ஒன்றே ஒன்று. பொதிகை அடிவாரத்தில் பாபநாசத்தில் தொடங்கி, புன்னைக்காயலில் கடலில் சேருகிற வரைக்கும் தாமிரபரணியின் கரையோடு போக வேண்டும்.

“முப்பத்து மூணு வருசம் கம்பை வச்சு வரைபடத்துல இழுத்துக் காட்டினேன், மீரான். முழுசா ஒருதரம் பாத்ததில்லை. அதுல பாதி பிள்ளையளுக்குப் பொய் சொன்ன மாதிரி இருக்கு” என்று படுத்தபடியே சொன்னார் டீச்சர்.

வாசலில் வண்டி நின்றது. டீச்சரிடம் படித்த விஜயஸ்ரீ விருதுநகரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மாமனார் ஊர் ஊராகப் போய்வர ஆசை ஆசையாகக் கட்டிய வண்டி அது. உள்ளே கட்டில், சின்ன அலமாரிகள், சுவர் முழுக்கத் தேக்குப் பலகை. முகம் பார்க்கலாம் போல மெருகு. டீச்சருக்காக மாமனாரிடம் கெஞ்சி இருபது நாளுக்கு வாங்கி அனுப்பியிருந்தாள். மாமனார் சம்மதித்தது ஒரே நிபந்தனையில்: மரத்தில் ஒரு ஆணி விழக்கூடாது.

“அந்தப் பிள்ளை வாக்குக் குடுத்திருக்கு பாய். நாம கெடுத்துறக் கூடாது” என்றார் குமரகுருபரன்.

“என் பொறுப்பு சார்” என்றார் மீரான்.

நாலு நாள் வேலை. இரண்டு இரும்புக் குழாய்களை அடியில் திருகு வைத்து வாங்கினார். திருகத் திருக நீளும். இரண்டு நுனிக்கும் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிப் போட்டு, தரைக்கும் கூரைக்கும் முட்டுக் கொடுத்துக் கட்டிலின் இருபக்கமும் நிறுத்தினார். அவற்றுக்கு நடுவே குறுக்குக் கம்பி. அதில் தண்ணீர்க் கூஜா, மருந்துப் பெட்டி, ரேடியோ. மேலப்பாளையத்தில் நெய்த அகல நாடாவை அலமாரிக்கு மேலே சுற்றிக் கட்டி, பை தைத்துத் தொங்கவிட்டு, பாத்திரங்களை அடுக்கினார். அடுப்புக்கு ஒரு பெட்டி செய்து, கம்பளித் துண்டு வைத்து, இரண்டு அலமாரிகளுக்கு இடையில் இறுக்கிச் செருகினார். சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி ஒவ்வொரு டம்ளருக்கும் ஒன்று போட்டார்.

டீச்சர் வீட்டுக்குள் படுத்துக்கொண்டே என்னென்ன வர வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். “காப்பி ஃபில்டர் கட்டாயம் வரணும். ஹோட்டல் காப்பியைக் குடிச்சுட்டு என்னால சாக முடியாது.” பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று கழித்துப் போட்ட ஜில்லா வரைபடமும் வந்தது. அதைத் துணி மாட்டும் கிளிப்பால் குறுக்குக் கம்பியில் தொங்கவிட்டார் மீரான்.

எல்லாம் முடிந்ததும் எலியேசர் வண்டியை வேண்டுமென்றே மேடு பள்ளத்தில் ஏற்றி இறக்கி ஒரு சுற்று வந்தார். உள்ளே ஒரு டம்ளர்கூடச் சத்தம் போடவில்லை. குமரகுருபரன் மீரானின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்களும் கூட வாங்க பாய். ஏதாவது கழண்டா எனக்கு ஒண்ணும் தெரியாது.”

பாபநாசத்தில் மூன்று நாள் நின்றார்கள். குளிக்கிறவர்களின் கூச்சலும் அருவிச் சத்தமும் வண்டிக்குள் வந்தன. ஆறு வரவில்லை. டீச்சர் படுத்திருந்தால் ஜன்னலில் ஆகாயமும் மருத மரத்தின் தலையும்தான் தெரியும். ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். குமரகுருபரனுக்குக் குடலிறக்கம். அவர் தூக்கினால் எலியேசரும் கூடப் பிடிக்க வேண்டும். இரண்டு ஆண்கள் தூக்கி நிறுத்தும்போது டீச்சர் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டாம் நாளிலிருந்து, ‘பாத்தது போதும்’ என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் குமரகுருபரனும் எலியேசரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மீரான் நாடாக்களை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டம்மா எப்படி இறந்தாங்க மீரான்?” என்று கேட்டார் டீச்சர்.

ஆறு வருடத்தில் யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. மீரான் கையிலிருந்த நாடாவை விட்டார்.

“நெஞ்சுல சளி கட்டிட்டு டீச்சர். பீடித்தூள். ‘அலிமா நிலை மோசம், உடனே வா’ன்னு தந்தி வந்துச்சு. பாஸ்போர்ட்டு முதலாளி கையில. அவரு அம்மைக்கு ஒரு வண்டி தயார் பண்ணிக்கிட்டு இருந்தோம். ‘அதை முடி, அனுப்புதேன்’னாரு. ஆறு நாள் வேலை.”

டீச்சர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

“கூட ஒரு மலையாளத்தான் இருந்தான். ‘எடா, ஒரு ஓட்டை போடு. கோபத்துல இன்னைக்கே உன்னை ஏத்தி விட்டுருவாரு’ன்னான். ஒரு நிமிச வேலைதான் டீச்சர். டிரில்லை எடுத்தேன். மரத்துல வச்சேன். அப்பறம்…” மீரான் தன் கையைப் பார்த்துக்கொண்டார். “வச்ச டிரில்லை எடுத்துட்டேன். வேலை போயிரும்னு பயம். ஆறு நாளும் செஞ்சேன். அந்தம்மா தொழுகைப் பாய்க்கு ஒரு தட்டு, மருந்துக்கு ஒரு தட்டு. ஆறாம் நாளு ரெண்டாவது தந்தி வந்துட்டு.”

“ஓட்டை போட்டிருந்தா அனுப்பியிருப்பாருங்கது என்ன நிச்சயம்?”

“நிச்சயம் இல்லை டீச்சர். அதான் தூங்க விடமாட்டேங்குது.”

மறுநாள் காலையில் வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. மற்ற மூவரும் படித்துறையில் இருந்தார்கள். ஓடிவந்து பார்த்தால் கூஜா உருண்டு கிடக்கிறது, படுக்கையெல்லாம் தண்ணீர். டீச்சர் பாதி கட்டிலிலும் பாதி வெளியிலுமாகச் சரிந்திருந்தார். தானாக எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று இரும்புக் குழாயைப் பிடித்து இழுத்திருக்கிறார். பாத்திரத்தின் கனத்தைத் தாங்குகிற முட்டு மனுசியின் கனத்தைத் தாங்குமா? குழாய் வழுக்கிவிட்டது. தோளில் ரத்தம் கட்டியிருந்தது.

“யாரையும் கூப்பிடாம ஒருதரம் பாக்கணும்னு நினைச்சேன்” என்றார் டீச்சர். வலியில் பல்லைக் கடித்திருந்தார். “முட்டாத்தனம். விடுங்க.”

மீரான் படுக்கை விரிப்பை மாற்றினார். குழாயைத் திரும்ப நிறுத்தினார். பிறகு எழுந்துபோய் அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினார். மத்தியானம் திரும்பும்போது கையில் ஒரு பித்தளைப் பிடி இருந்தது, பெரிய வாசல் கதவுகளுக்குப் போடுகிற மாதிரி. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலின் தலைமாட்டுப் பலகையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். சத்தம் மாறிய இடத்தில், பலகைக்குப் பின்னால் வண்டியின் இரும்புச் சட்டம் இருந்தது. அங்கே பென்சிலால் நாலு புள்ளி வைத்தார்.

குமரகுருபரன் பார்த்துவிட்டார். “பாய், என்ன செய்யுதீங்க? அந்தப் பிள்ளை வாக்கு…”

“நான் போய்ச் சொல்லிக்கிடுதேன் சார். அந்தப் பிள்ளையை ஒரு சொல் சொல்ல விடமாட்டேன்.”

டிரில் மரத்துக்குள் இறங்கியபோது சுருள் சுருளாகத் தேக்குச் சீவல் விழுந்தது. நாலு ஓட்டை. மீரானின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திருகுகளை இறுக்கிவிட்டு, தன் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். பிடி அசையவில்லை. “இப்போ பிடிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டு இறங்கிக் கதவைச் சாத்தினார். எழுந்திருக்கப் படுகிற பாட்டை யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று அவருக்குப் பட்டது.

வெகுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. “மீரான், தண்ணி பாறையில மோதி ரெண்டாப் பிரியுதே, அதுக்கு மேல ஒரு நீர்க்காக்கா உக்காந்திருக்கு பாத்தீங்களா?”

அதன் பிறகு பதினோரு நாள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி, முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம். ஒவ்வொரு ஊரிலும் டீச்சர் தானே பிடியைப் பிடித்து எழுந்து பத்து நிமிடம், கால் மணி நேரம் ஜன்னலோரம் இருந்தார். மணிமுத்தாறு வந்து சேருகிற இடத்தில் எலியேசரை நிறுத்தச் சொல்லி, எந்தத் தண்ணீர் எது என்று நிறத்தை வைத்துக் காட்டினார். எழுந்திருக்கும் நேரம் நாளுக்கு நாள் குறைந்தது. ஏரலுக்குப் போகும்போது ஒரு நிமிடம்தான் முடிந்தது. மாத்திரை கேட்கவில்லை. விரல்கள் மட்டும் பித்தளையைச் சுற்றி வெளுத்துப்போயிருந்தன.

கொற்கையில் வன்னிமர நிழலில் வண்டி நின்றது. நாளைக்குப் புன்னைக்காயல். டீச்சர் கணவரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“ஒரு காலத்துல கடல் இங்கனதான் இருந்துது. இந்த இடத்துலதான் கப்பல் வந்து நின்னுது. ஆறு மண்ணைக் கொண்டாந்து கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிட்டு. எல்லா வருசமும் பிள்ளையள்ட்ட இதைச் சொல்லுவேன், ஒண்ணும் நம்பாது.”

“நாளைக்குக் கடலைப் பாத்துரலாம் நீலா.”

“பாக்கலாம்” என்றார். அன்று பிற்பகல் நாலரை மணிக்கு, குமரகுருபரன் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. அவர் டம்ளரோடு திரும்பி, இரண்டு முறை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. காப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மீரான்தான் வாங்கி வைத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் குமரகுருபரன் கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ரோடு மோசம். ஆனாலும் உள்ளே ஒரு கரண்டிகூட ஆடவில்லை. ஏதாவது ஒன்று கழன்று விழுந்து சத்தம் வந்தால் தேவலை என்று மீரானுக்கு இருந்தது. முறப்பநாடு தாண்டும்போது குமரகுருபரன் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்: “கடல் இங்கதான் இருந்துதுன்னு அவளே சொன்னாள்ல பாய். அப்போ வந்துட்டோம்னுதான் அர்த்தம். இல்லையா?”

“வந்துட்டோம் சார்” என்றார் மீரான்.

தகனம் முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் கழற்றினார்கள். நாடாவை அவிழ்த்த இடத்தில் மெருகு அப்படியே இருந்தது. கம்பளி இருந்த இடத்தில் தூசிகூட இல்லை. தலைமாட்டில் மட்டும் நாலு ஓட்டை. மீரான் எலியேசரோடு விருதுநகருக்குப் போனார்.

விஜயஸ்ரீயின் மாமனார் வெள்ளைவேட்டியோடு வண்டிக்குள் ஏறி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தார். தலைமாட்டில் கை நின்றது.

“யாரு போட்டது?”

“நான்தான் ஐயா.”

“யார் சொல்லிப் போட்டீரு?”

“யாரும் சொல்லலை.”

“இது பர்மா தேக்கு. இனிமே கிடைக்காது. தெரியுமா உமக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா போட்டீரு?”

“தெரிஞ்சுதான் போட்டேன் ஐயா.”

பெரியவர் கத்தவில்லை. பலகையை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். மீரான் எட்டு நாள் அங்கேயே வண்டிக்கொட்டகையில் தங்கி வேறு தேக்கு தேடி, இழைத்து, மெருகேற்றிப் பொருத்தினார். எவ்வளவு தேய்த்தும் நிறம் ஒரு மாற்றுக் குறைவாகவே நின்றது. பெரியவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வண்டி அப்புறம் யாருக்கும் இரவல் போகவில்லை. மருமகளிடமும் அவர் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எலியேசர் பின்னால் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

கடைசி நாள் விஜயஸ்ரீயே சாப்பாடு கொண்டுவந்தாள். கோபமாகத் திட்டுவாள் என்று மீரான் எதிர்பார்த்தார். அவள் புதுப் பலகையைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்: “டீச்சர் தானா எழுந்திருச்சாங்களாண்ணே?”

“பதினோரு நாளும் எழுந்திருச்சாவம்மா.”

அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள்.

பங்குனியில் ஒரு நாள், அசர் தொழுகை முடிந்து மீரான் வரும்போது தங்கை வீட்டு வாசலில் குமரகுருபரன் நின்றிருந்தார். மெலிந்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது.

“நீலா என்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தா. உங்க வீட்டம்மாவைப் போய்ப் பாத்துட்டு வரச் சொன்னா. கூட்டிட்டுப் போறீங்களா பாய்?”

மையவாடி என்கிற இடுகாடு பக்கத்தில்தான். செடிகள் முழங்கால் அளவுக்கு வளர்ந்திருந்தன. மீரான் ஒரு வேப்பமரத்தைத் தாண்டிப்போய் நின்றார். அங்கே இரண்டு கபர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் மண் அமுங்கிக் கல் சரிந்திருந்தது.

குமரகுருபரன் செருப்பைக் கழற்றினார். “எது பாய்?”

“இந்த ரெண்டுல ஒண்ணு சார்.”

குமரகுருபரனுக்குப் புரியவில்லை.

“நான் வந்து சேரதுக்குள்ள ரெண்டு மழைக்காலம் போயிட்டு. மச்சான் இதுதான்னு சொல்லுதாரு. அவரு தம்பி அதுதான்னு சொல்லுதாரு. ரெண்டு பேரும் அடக்கத்துக்கு வந்தவியதான். சண்டை போட்டாவ. நான் கேக்கதை விட்டுட்டேன். நடுவுல நின்னு ஓதிட்டுப் போயிருவேன்.”

“இன்னொண்ணு யாரு?”

“தெரியாது சார். யாரோ. அவியளுக்கும் சேத்துத்தான் ஓதுதேன்.”

மீரான் கையேந்தி நின்று ஓதினார். ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டு திரும்பியபோது, கொற்கையிலும் சுடுகாட்டிலும் பதினாறாம் நாளிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத குமரகுருபரன், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். மீரான் அவர் அடங்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றார். பிறகு செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டு, முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“பைய வாங்க சார். இங்கன தரை மேடும் பள்ளமுமா இருக்கு.”